ஈலிங்கிலிருந்து தோர்ண்டன் ஹீத் வரை: நோவாக் குடும்பத்தை விசாரிக்கப் போன கதை

2007 ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் லண்டனுக்குள்ளேயே ஒரு பயணம் போனோம். அரண்மனை, அருங்காட்சியகம் என்று ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு குடும்பப் பெயரைத் தேடிப் போனோம். பெயர் நோவாக். போலந்துக்காரரின் பெயர். எனக்கு அந்தப் பெயரோடு எந்தக் குறையும் இல்லை. குறை அப்பாவுக்கு.

தம்பி ரமணன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறான். அங்கே வேலை செய்யும் மக்டா நோவாக் என்ற பெண்ணை டிசம்பரில் பதிவுத் திருமணம் செய்யப் போவதாகச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னான். அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினா. அதுதான் அம்மாவின் சம்மதம். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, “ஆர் எவர் எண்டு விசாரிக்காமல் நான் வரமாட்டன்” என்றார். “வராட்டி விடுங்கோ” என்றான் இவன்.

அப்பனும் மகனும் ஒரே அச்சு. அப்பா தன் சொந்தத் தம்பியோடு பேசி வருடக்கணக்காகிறது. சண்டை என்னவோ ஒரு சின்ன விஷயத்தில் தொடங்கியது, இருவரும் “வராட்டி விடு” என்றதில் முடிந்தது. சித்தப்பா ரொறன்ரோவில் இருக்கிறார், அவருடைய பிள்ளைகள் முகம் எனக்குத் தெரியாது. ரமணனுக்கும் அதே கதி வரப் போகிறது என்பது எனக்கு அன்றிரவே விளங்கிவிட்டது. விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். விசாரிக்க வேண்டும் என்றால் விசாரிப்போம், ஒரே நாளில், அவர் களைக்கும்வரைக்கும்.

வெளியாருக்கு இது விளங்காது, ஆகவே சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக் கல்யாண விசாரிப்பின் முதல் விதி, சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்கவே கூடாது என்பது. அயலுக்குள் கேட்க வேண்டும், கடையில் கேட்க வேண்டும், கோயில் வாசலில் கேட்க வேண்டும். “மக்டாவையே கேளுங்கோவன், வாயிருக்குதானே” என்று நான் சொன்னபோது அப்பா என்னை ஒரு மடைச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஊர் எது என்று தொடங்கும் கேள்வி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாதிதான். அந்தக் கேள்விக்கு ஈலிங்கில் பதிலே கிடையாது என்பதுதான் என் தைரியம்.

கையில் இருந்த தகவல் இரண்டு. பெண் ஈலிங்கிலுள்ள போலந்துத் தேவாலயத்துக்குப் போகிறவள். குடும்பம் போலந்தின் தெற்கே தார்நூவ் என்ற நகரத்துக்குப் பக்கம். பயணத்துக்கு முதல் நாள் நான் இணையத்திலும் கொஞ்சம் மேய்ந்தேன். நோவாக் என்பது போலந்திலேயே ஆகக் கூடுதலானவர்கள் வைத்திருக்கும் குடும்பப் பெயராம். ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போனவர்களோடு அங்கே போயிருக்கிறது, கப்பலேறிச் சிக்காகோ போயிருக்கிறது. செக் நாட்டிலும் சுலோவேனியாவிலும் கொஞ்சம் மாறிய எழுத்தில் அதே பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. பிரித்தானியாவுக்கு முதலில் உலகப் போர் முடிந்ததும் வந்தது, பிறகு 2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து கதவு திறந்ததும் வந்தது. இதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

காலை எட்டே முக்காலுக்கு, கிழக்கு லண்டனில் நாங்கள் குடியிருக்கும் பார்க்கிங் என்ற இடத்தில் டிஸ்ட்ரிக்ட் பாதை நிலக்கீழ் ரயில் ஏறினோம். எனக்கு வலயம் ஒன்றிலிருந்து நாலு வரைக்குமான ஒருநாள் டிராவல் கார்டு, ஐந்து பவுண் எழுபது பென்ஸ். அப்பாவுக்கு முதியோர் பாஸ், இலவசம். அப்பா கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். பெண் பார்க்கப் போவதுபோல இருந்தது, பெண் மட்டும்தான் இல்லை. ஈலிங் பிராட்வே அந்த ரயிலின் கடைசித் தரிப்பு, ஒன்றேகால் மணித்தியாலம். அப்பா ஸ்டெப்னி கிரீனில் நித்திரையாகி ஹாமர்ஸ்மித்தில் எழும்பினார்.

நிலையத்திலிருந்து தேவாலயம் ஐந்தாறு நிமிட நடை. வழி கேட்கத் தேவையில்லை, சனம் போகிற பக்கம் போனால் சரி. உள்ளே இடமில்லாமல் வாசலிலும் நடைபாதையிலும் நின்றபடியே பூசை கேட்கிறார்கள். தேரன்று நல்லூர் வீதியில் நிற்கிற மாதிரி நெருக்கம், ஆனால் சத்தமில்லை. பூசை முடிந்து சனம் வெளியே வந்ததும் அப்பா என் முழங்கையைத் தட்டினார். வயதான, தொப்பியணிந்த ஒரு கனவானிடம் போய், மன்னிக்க வேண்டும், இங்கே நோவாக் என்று யாரையாவது தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் சிரித்தார். தன் நெஞ்சில் விரலை வைத்து, நானே நோவாக்தான் என்றார். பிறகு திரும்பி அந்தப் பெயரைக் கொஞ்சம் உரத்துச் சொன்னார். ஆறேழு தலை திரும்பியது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த ஒரு பெண், வெள்ளைச் சப்பாத்துப் போட்ட இரண்டு இளைஞர்கள், கண்ணாடி போட்ட ஒருவர். எல்லோரும் நோவாக். ஒருவரை ஒருவர் தெரியாது. அப்பா அந்தச் சபையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது இதுதான்: “உவையெல்லாம் ஒரே பகுதியோ?” பகுதி என்றால் சொந்தம், சாதி இரண்டும்தான்.

பெரியவர் நோவாக் பொறுமையாக விளக்கினார். போருக்குள் சிறுவனாகச் சைபீரியாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பாரசீகம் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர் அவர். அந்தப் பெயர் ஒரு குலத்தின் பெயரே இல்லை என்றார். பழைய காலத்தில் ஒரு கிராமத்துக்கு வெளியிலிருந்து யாராவது வந்து குடியேறினால், அவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்கப் பொறுமை இல்லாமல் ‘புதிதாக வந்தவன்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதுதான் நோவாக். ஆகவே கிராமத்துக்கு ஒரு நோவாக் உண்டு, ஒருவருக்கும் மற்றவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பிறகு வெள்ளைச் சப்பாத்து இளைஞர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, இப்போது வருகிறவர்கள் எங்களைப் போல இல்லை என்றும் சொன்னார். அப்பா அதற்கு மட்டும் மிக ஆழமாகத் தலையாட்டினார். படிக்க வந்தவர்களும் பிறகு அகதியாக வந்தவர்களும் எங்கள் கோயில்களில் எப்படி இரண்டு வரிசையாக நிற்பார்கள் என்று பார்த்தவர்தானே.

கேற்றுக்கு வெளியே வந்ததும், “வந்தான் வரத்தான் எண்டு பெயரிலேயே எழுதி வைச்சிருக்கினம்” என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பார்க்கிங்கில நாங்கள் ஆர் அப்பா?” என்று கேட்டேன். “அது வேறை” என்றார். என்ன வேறை என்று கேட்டதற்குச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார். கயிறு நன்றாகத்தான் கட்டியிருந்தது.

தார்நூவ் பக்கத்து ஆட்கள் என்றால் பாலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நோவாக்கைக் கேளுங்கள் என்று தள்ளுவண்டிப் பெண் சொல்லியிருந்தாள். (பாலம் என்பது தென் லண்டனில் ஓர் இடம், ஆறு கடக்கிற பாலமில்லை.) ஈலிங்கிலேயே ஒரு போலந்துக் கடையில் பிரோகி சாப்பிட்டோம். மாவுக்குள் உருளைக்கிழங்கும் வெண்ணெய்க்கட்டியும் வைத்து அவித்தது, தட்டு மூன்றரைப் பவுண். அப்பா மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், முதலில் இரண்டு மூன்று முறை கேட்டு உறுதி செய்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். “கொழுக்கட்டைக்குத் தேங்காய் போட மறந்திட்டினம்” என்றார். தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

டிஸ்ட்ரிக்ட் ரயிலிலேயே விக்ரோறியா வந்து, மேலே ஏறித் தெற்கே போகும் ரயிலைப் பிடித்தால் பாலம் கால் மணித்தியாலத்துக்குள். கடை நிலையத்துக்குப் பக்கத்திலேயே. கடைக்கார நோவாக் நல்ல பருமன், மீசை, ஒரு வாடிக்கையாளரோடு புகைபோட்ட இறைச்சி பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார். அப்பா வாசலிலேயே நின்று அதைக் கேட்டார். விளங்காத மொழியில் கேட்ட சண்டையை வைத்து ஒரு பரம்பரைக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. “பெண்ணின்ர சித்தப்பன் போல கிடக்கு” என்றார்.

நான் கடைக்காரரிடம் போய் மக்டா நோவாக், தார்நூவ் பக்கம் என்று தொடங்கினேன். அவர் கண்ணைச் சுருக்கினார். எதற்கு, அவள் என்ன செய்துவிட்டாள் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, என் தம்பியைக் கல்யாணம் செய்யப் போகிறாள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அவருடைய கழுத்துப்பட்டியைப் பார்த்தார். பிறகு கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தான் அவளுக்கு உறவில்லை, ஊர்ப்பக்கம் மட்டும்தான் என்றார். ஆனால் அவளுடைய மாமன் யானெக் இன்று காலை கடைக்கு வந்து தோர்ண்டன் ஹீத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டுவிட்டுப் போனார், அங்கேதான் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிக்கப் போகிறாராம் என்றார்.

வெளியே வந்து ரமணனுக்கு ஃபோன் போட்டேன். அவன் முதலில் மழுப்பினான், பிறகு ஒப்புக்கொண்டான். அப்பா விசாரிக்கப் போகிறார் என்பதை மக்டாவிடம் சொல்லிவிட்டானாம். மக்டா சிரித்திருக்கிறாள். ஆனால் மாமனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவர்கள் எங்கள் பெண்ணை விசாரிக்கலாம் என்றால் நான் அவர்கள் பையனை விசாரிக்கக் கூடாதா என்று வெளிக்கிட்டுவிட்டாராம். பையனின் குடும்பப் பெயர் சிவலிங்கம் என்பது மட்டும்தான் அவர் கையில்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளிறிவிட்டது. தோர்ண்டன் ஹீத்தில்தான் பரமசாமி இருக்கிறார். எங்கள் ஊர்ச் சங்கத்தில் அப்பா தலைவராக இருந்தபோது அவர் செயலாளர். ஆண்டு விழா மண்டபத்தில் தொடங்கிய பிரச்சினையில் இருவரும் முகம் பார்ப்பதில்லை. “அவன் என்னைப் பற்றி என்ன சொல்லுவானோ தெரியாது” என்று அப்பா மூன்று முறை சொன்னார். அதுவரை விசாரிப்பு என்பது மற்றவர்களுக்கு நடக்கும் விஷயம் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். பிறகு சட்டென்று நின்று, “மாமன் எண்டால், தாயின்ர தம்பியோ?” என்று கேட்டார்.

“ஓம், தாயின்ர தம்பி.”

“தாய்மாமனே வெளிக்கிட்டு வந்திட்டாரோ?” என்றார். அந்த ‘வந்திட்டாரோ’வில் இருந்த மரியாதை அன்று காலை முதல் எந்த நோவாக்குக்கும் கிடைக்காதது. தாய்மாமன் இல்லாமல் எங்களுக்கு எந்த நல்ல காரியம் நடக்கிறது? கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, எனக்கு முன்னால் நிலையத்துக்குள் போனார்.

பாலத்திலிருந்து தோர்ண்டன் ஹீத்துக்கு நேர் ரயில், கால் மணித்தியாலம். டிராவல் கார்டே போதும். இரண்டரைக்கு இறங்கினோம். பிரதான வீதியில் தமிழ்க் கடைகள் ஒன்றையடுத்து ஒன்று. யானெக்கைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது கடையின் பின்பக்கத்தில் றோல்ஸும் வடையும் விற்கிற நாலைந்து மேசை உண்டு. அதில் நடுநாயகமாக ஒரு வெள்ளைக்காரர் தோல் ஜக்கெற் போட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக உழுந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிவர மூன்று பேர். அதில் இரண்டு பேர் சிவலிங்கம். கடைக்காரர் ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தார். ஒருவர் வல்வெட்டித்துறை, மற்றவர் மட்டக்களப்பு. மூன்றாமவர் பரமசாமி.

நான் போய் எங்களை அறிமுகப்படுத்தினேன். யானெக் எழுந்து அப்பாவின் கையை இறுக்கிக் குலுக்கினார். பூச்சு வேலை செய்கிறவராம், கை அப்படி. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். இரண்டு சிவலிங்கங்களையும் காட்டி, இவர்கள் உங்கள் சகோதரர்களா என்று கேட்டார்.

அப்பாவுக்கு வந்ததே ரோசம். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்த காலத்து ஆங்கிலம் முழுவதும் வெளியே வந்தது. சிவலிங்கம் என்பது என்னுடைய பெயர், என் அப்பா வைத்த பெயர், என் அப்பாவின் பெயர் கந்தையா, என் தம்பி சிவலிங்கம் இல்லை, இந்த நாட்டில் என் மகன் என் பெயரைப் பின்னால் வைத்திருக்கிறான், அவ்வளவுதான். ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். கேட்ட பிறகு என் பக்கம் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, என் வாழ்நாளிலேயே நான் செய்த ஆகப் பெரிய தியாகம் அது. அப்பா வடைத் தட்டைப் பார்த்தார்.

பரமசாமி தொண்டையைச் செருமினார். “அண்ணை, உங்களோட ஒரு கூட்டமும் நடத்தேலாது எண்டு இவருக்குச் சொன்னனான். அது உண்மை. ஆனால் கலியாணத்தைக் குழப்பிற ஆள் நானில்லை. பிள்ளையை நம்பிக் குடுக்கலாம் எண்டும் சொன்னனான்.”

அப்பா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இரடாப்பா, பிளேன்ரீ குடி” என்றார். எங்கள் ஊர்ச் சங்கத்தின் வரலாறு தெரிந்தவர்கள் இதைச் சமாதான ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

யானெக் கிளாஸைக் கீழே வைத்தார். சொற்களைத் தேடித் தேடி, மக்டாவைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியவந்தது என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலையிலிருந்து நாங்கள் நோவாக்கைப் பற்றித்தான் கேட்டோம். மக்டாவைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் அதை உணர்ந்திருக்க வேண்டும். பிள்ளை கோபக்காரியா என்று அவரையே கேட்டார், விதியை மீறி. யானெக் யோசித்துவிட்டு, ஆம், மிகவும் என்றார். நல்லது, என் மகனுக்கு அது தேவை என்றார் அப்பா.

யானெக் சிரிக்கவில்லை. மக்டாவின் தகப்பன் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார் என்றார். அவளுடைய அம்மா டிசம்பரில் பஸ்ஸில் முழு ஐரோப்பாவையும் கடந்து வருகிறாள். பெயரைப் பற்றியோ காசைப் பற்றியோ எனக்குக் கேள்வி இல்லை, ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றார். பையனின் அப்பா வருவாரா? என் அக்கா அங்கே வந்து நிற்கும்போது எதிரில் ஆளில்லாத கதிரையைப் பார்க்க வேண்டி வருமா?

பிளேன்ரீ முடிந்தது, எல்லோருக்கும் அப்பாவே காசு கொடுத்தார், பதில் மட்டும் வரவில்லை. யானெக்கும் இன்னொரு முறை கேட்கவில்லை. மூவரும் ஒன்றாகத்தான் விக்ரோறியாவுக்கு ரயில் ஏறினோம். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தும் கடைசி அங்குலத்தில் மனிதர் அசையவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

முடிவைச் சொல்வதற்கு முன், இதே மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்கு. ஒயிஸ்ரர் அட்டையில் காசு போட்டுக்கொண்டு போகாதீர்கள், பாலம், தோர்ண்டன் ஹீத் ரயில்களில் அது செல்லுபடியாகாது, காகித டிராவல் கார்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்ட்ரிக்ட் பாதையில் திருத்த வேலை அடிக்கடி நடக்கும், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். தேவாலய வாசலில் ஆட்களைப் பிடிக்க வேண்டுமென்றால் பூசை முடிகிற நேரம்தான் நேரம், கால் மணித்தியாலத்தில் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். பெயரை வைத்து ஆளைத் தேடுகிறவர்கள் முதலில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள், தேடுகிற வேலையில் பாதி குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்ணையோ பையனையோ நேரே கேளுங்கள். எங்களுக்கு ஒரு நாள் போனது. சிலருக்கு அதைவிடக் கூடவும் போகலாம்.

விக்ரோறியாவில் டிஸ்ட்ரிக்ட் பாதையின் இரண்டு மேடைகளும் எதிரெதிராக இருக்கும், நடுவில் தண்டவாளம். யானெக் மேற்கே ஈலிங் பக்கம், நாங்கள் கிழக்கே. படியடியில் கைகுலுக்கிப் பிரிந்தோம். அவர் அந்தப் பக்கம் போய் எங்களுக்கு நேரெதிரே நின்றார், இரண்டு கையையும் ஜக்கெற் பைக்குள் விட்டுக்கொண்டு. நாங்கள் இந்தப் பக்கம். எங்கள் ரயிலுக்கு இரண்டு நிமிடம் என்று பலகை காட்டியது. அப்பா அவரைப் பார்த்தார். அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு அப்பா மேடை விளிம்பின் மஞ்சள் கோட்டடியில் போய் நின்று, மேடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார்.

“நான் வருவேன். எட்டு மணிக்கு வருவேன்.”

யானெக் கையைப் பையிலிருந்து எடுத்தார். பதினொரு விரலுக்கு ஒரு விரல் குறைந்ததால், பத்து விரலையும் காட்டி, பிறகு இன்னொன்றைக் காட்டினார். பதினொரு மணிக்குத்தான் கல்யாணம். ஒன்பதுக்கு முன்னம் பதிவு அலுவலகக் கதவே திறக்க மாட்டார்கள்.

“தெரியும்” என்றார் அப்பா. “வெளியே நிற்பேன்.”